தபால் கூலியும் பதினாலு கிராமும்

இணையத்தில் ஏலம் போட்டு விற்கிற தொழிலில் பொருளின் விலையை யாரும் சந்தேகப்படுவதில்லை, தபால் கூலியைத்தான் சந்தேகப்படுவார்கள். விலை அவர்களே போட்டி போட்டு ஏற்றியது. கூலி நாம் எழுதியது. நீங்களும் அட்டைப் பெட்டி கட்டி ஊருக்கு ஊர் அனுப்புகிறவர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி நாகமணியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோதும் பேச்சு தபால் கூலியைப் பற்றித்தான். ஆடி மாதக் காலை. சிங்காநல்லூரில் விடியற்காலையிலிருந்தே சாரல். மஞ்சப்பைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு நான் கிளம்ப, அவள் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பெட்டியின் மேல் அவள் கையால் 492 கிராம் என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. "இன்னைக்கும் எடை கூட வந்துச்சுன்னா ரசீத பத்தரமாக் கொண்டாங்க. நானே பாக்கோணும்" என்றாள். தபால் ஆபீஸில் பெட்டியைக் கொடுத்தேன். ரசீதில் 506 என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் கூடியிருந்தன. மாரடைப்பு என்றார்கள்.

அந்தப் பதினாலு கிராம் அவள் எழுதிய பொய்யா, இல்லையா என்று தெரியாமலேயே அவளை மின்மயானத்துக்குக் கொண்டு போனேன். தெரிந்துகொள்ள மூன்று வருடம் ஆயிற்று. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ரூபாய்க் கல்

நான் விற்பது பழைய எடைக்கற்கள். இரும்பு, பித்தளை, சேர் வீசைக் காலத்தவை, கிலோ வந்த பிறகு வந்தவை, எல்லாம். நூல் மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். மில் மூடியபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல், உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடந்த கற்களை வாங்கித் தேய்த்துப் படம் எடுத்து ஏலத்தில் போட ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் நானாகத் தட்டித் தடவிக் கற்றவை. இதையெல்லாம் வாங்க ஆள் இருப்பார்களா என்று நாகமணி சிரித்தாள். இருந்தார்கள்.

விற்பதற்கு முன் ஒன்று வாங்கிப் பார்ப்போம் என்று, ஒரு ரூபாய்க்குப் போட்டிருந்த பித்தளைக் கல்லுக்கு ஏலம் கேட்டேன். என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஒரு ரூபாய்க்கே கிடைத்துவிட்டது என்று குதித்தேன். அப்புறம்தான் கீழே பொடி எழுத்தில் தபால் கூலி முந்நூற்று ஐம்பது என்று இருந்ததைப் பார்த்தேன். பெட்டி வந்தபோது அதன் மேல் ஒட்டியிருந்த கூலி அறுபதுக்குப் பக்கம்தான். ஏலத் தளத்துக்காரர்கள் விலையில்தான் கமிஷன் பிடிப்பார்கள், கூலியில் பிடிக்க மாட்டார்கள். அதனால் விற்கிறவர்கள் விலையைத் தூக்கிக் கூலிக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்பது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. கல்லை விற்ற திருப்பூர்க்காரருக்குப் போன் போட்டு, இது நியாயமா என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"ஏனுங்ணா, பெட்டி, டேப்பு, நான் போட்ட பெட்ரோல், வரிசைல நின்ன நேரம், இதையெல்லாம் உங்க மாமியார் ஊட்லிருந்தா குடுத்துடுவாங்க?"

அறுபத்திரண்டு கிராம் பாக்கி

அந்த ஆளைப் போல நான் ஆகக்கூடாது என்று முடிவு செய்தேன். தபால் ஆபீஸில் வாங்குகிற கூலி எவ்வளவோ அவ்வளவே எழுதுவேன், டேப்பும் பெட்டியும் என் செலவு. எங்கள் தளத்தில் வாங்கியவர் பொருளுக்குத் தனியாக, தபால் கூலிக்குத் தனியாக நட்சத்திரம் போடலாம். கூலிக்கான நட்சத்திரம் குறைந்துகொண்டே போனால் கணக்கையே மூடிவிடுவார்கள். அந்த நட்சத்திரத்தை நான் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதுபோல் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்ப்பேன்.

ஒரு கிலோ என்று அச்சுப் பதிந்த இரும்புக் கல் ஒன்றைச் சேலத்துக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். கல் ஒரு கிலோ, கட்டுக்குக் கால் கிலோ என்று கூலி போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் போன். கல்லை எடை போட்டாராம், 938 கிராம்தான் இருக்கிறதாம், இல்லாத அறுபத்திரண்டு கிராமுக்கு வாங்கின தபால் கூலியைத் திருப்பித் தர வேண்டுமாம். கூலி அரைக் கிலோ அரைக் கிலோவாகப் படி ஏறும், அறுபத்திரண்டு கிராம் குறைந்தாலும் அதே படிதான், அதே காசுதான் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவரே சுரண்டியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். கல்லைத் திருப்பி அனுப்பச் சொன்னேன்.

வந்த கல்லை நாகமணி கையில் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். எடையைச் சரிக்கட்ட அடியில் ஒரு குழி வைத்து ஈயம் அடைத்திருப்பார்கள். அந்த ஈயத்தை யாரோ பல வருடத்துக்கு முன்பே தோண்டி எடுத்திருந்தார்கள். குழிக்குள் துருவே ஏறியிருந்தது. அவள் அந்தியூரில் மளிகைக் கடைக்காரர் மகள். சந்தை சமயத்தில் மாடு, குதிரை வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள் கல்லைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை வாங்குவார்களாம். "இப்படி ஒரு கல்லு எங்கப்பன் கடைல இருந்திருந்தா அவரு சோறு திங்க மாட்டாருங்க" என்று சொல்லி அதைத் தரையில் வைத்தாள், கை கழுவப் போனாள். முழுப் பணமும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் சேலத்துக்காரர் ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டார். அதற்குக் கீழே எழுதியிருந்தார்:

"கல்லே பொய் சொல்லுது, இவர் சொல்ற தபால் கூலியை எப்படி நம்பறது?"

கண்டக்டர் கையில்

தபால் கூலி அநியாயம் என்று சொல்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மாற்று வழி இருக்கும். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் ஐந்து கிலோ கல்லை ஏலத்தில் எடுத்துவிட்டு, உக்கடம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுங்கள், பொள்ளாச்சியில் நான் வாங்கிக்கொள்கிறேன், டீ காசு போதும் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல் வரவில்லை என்று நாளைக்கு அவரே சொன்னால் என்னிடம் ரசீது இருக்காது. ஆனால் நட்சத்திரம் அவர் கையில். கல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டு உக்கடம் போனேன்.

கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார், காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். உள்ளே என்ன என்றார். எடைக்கல் என்றேன். எதை எடை போட என்றார். எதையும் இல்லை, வீட்டில் அலமாரியில் வைத்துக்கொள்வார்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அவிழ்த்துக் காட்டச் சொன்னார். அவிழ்த்தேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கல்லை டிரைவர் பக்கத்தில் வைக்க இடம் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"நானும் இருவது வருசமா கோழி, ஆட்டுக்குட்டி, சீர்த்தட்டு எல்லாம் ஏத்தியிருக்கறனுங்க. அலமாரில வெக்கறதுக்குக் கல்லு வாங்கறவன இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ஊர்க்காரர்

வியாபாரம் கூடியபோது கட்டும் வேலையை நாகமணி எடுத்துக்கொண்டாள். தேங்காய் நாரை எங்கள் பக்கம் மஞ்சி என்போம். கல்லைச் சுற்றி மஞ்சி திணித்துத்தான் பெட்டி கட்டுவாள். பேப்பர் கசங்கினால் கல் உள்ளே உருளும், மஞ்சி பிடித்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. மழைக்காலத்தில் இன்னொன்றும் செய்வாள். மஞ்சியில் ஈரம் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று அதை வாணலியில் போட்டு ரவை வறுப்பதுபோல் வாட்டி எடுப்பாள். அட்டைப் பெட்டியையும் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து வைப்பாள். வாட்டி, கட்டி, டேப் ஒட்டி, உடனே தராசில் வைத்து எடை பார்த்துச் சீட்டு எழுதிவிடுவாள். மருந்துக் கடையிலிருந்து வந்த பித்தளைத் தராசு அது. ஒரு கிராமுக்கு முள் அசையும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறவருக்குக் கூலி எழுதுவேன். பெட்டி இரவெல்லாம் முன்பக்கக் கம்பி வராந்தாவில் இருக்கும். காலையில் நான் எடுத்துப் போவேன்.

அவள் கட்ட ஆரம்பித்த பின் வந்த முதல் ஆடி மாதத்திலேயே தபால் ஆபீஸ் கவுண்டரில் எடை கூட வர ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, பத்து, பன்னிரண்டு கிராம். ஆனால் நாங்கள் கட்டும் பெட்டிகளில் பாதி, அரைக் கிலோவைத் தொட்டும் தொடாமலும் இருப்பவை. ஐந்து கிராம் தாண்டினாலும் அடுத்த படிக்கான கூலி. வாங்கியவரிடம் பழைய கூலி வாங்கியாகிவிட்டது, மிச்சத்தை நான்தான் கட்ட வேண்டும். எனக்கு வந்த முதல் சந்தேகம் அந்தியூர் வாத்தியார் மேல். அவர் மாதம் ஒரு கல்லாவது எடுப்பார். நாகமணி தன் ஊர்க்காரி என்று தெரிந்ததிலிருந்து போனில் அக்கா என்று கூப்பிட்டு, தபால் கூலி கட்டி மாளவில்லை என்று அழுவார். அவளும் என்னிடம் வந்து, எரநூறு ரூபாய்க் கல்லுக்கு இவ்வளவு கூலியா என்று முகத்தைத் தூக்குவாள். ஊர்ப் பாசத்தில் சீட்டில் குறைத்து எழுதுகிறாளோ என்று தோன்றியது. நேராகக் கேட்காமல், வாத்தியாருக்குக் கூலி அதிகம் என்கிறாயே, நீயே ஏதாவது பார்த்துச் செய்கிறாயா என்று கேட்டேன். அவள் மஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது.

"பாத்துச் செய்யறதுன்னா என்னுங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

கவுண்டர்

அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் சந்தேகத்தைத் தபால் ஆபீஸ் பக்கம் திருப்பினேன். அங்கே கவுண்டரில் ஒரு அம்மா. என் பெட்டிகள் உருவத்துக்குப் பொருந்தாத கனமாக இருப்பதால் அவருக்கு ஏற்கெனவே என் மேல் ஒரு கண். மறுநாள் போகும்போது அதிகாரிகள் முத்திரை போட்ட அரைக் கிலோ கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். முத்திரைக் கல், ஈயம் அப்படியே இருப்பது. என் முறை வந்ததும் பெட்டிக்குப் பதில் கல்லை எடுத்து அவர் மெஷினில் வைத்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார். எந்த ஊருக்கும் இல்லைங்க, உங்க மெஷின் சரியா என்று பார்க்கத்தான் என்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மெஷினில் சுத்தமாக 500 என்று விழுந்தது. ஒரு கிராம் முன்னே பின்னே இல்லை. அவர் கல்லை எடுத்து என் கையில் வைத்தார்.

"எம்மேல இருந்த சந்தேகம் தீந்துதுங்களா? இனி ஊட்ல போயிப் பாருங்க."

திரும்பி வந்த பெட்டி

வீட்டில் பார்த்தேன். அன்றைக்கு அனுப்ப வேண்டிய பெட்டியை அனுப்பாமல் அப்படியே கொண்டு வந்தேன். சீட்டில் 488. கவுண்டரில் 501. வீட்டுப் பித்தளைத் தராசில் வைத்தேன், அதிலும் 501. கவுண்டர் மெஷினும் வீட்டுத் தராசும் ஒன்றே சொல்கின்றன. மாறிச் சொல்வது சீட்டு ஒன்றுதான். எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஸ்டோர் கிளார்க்காக இருந்த காலத்தில் சரக்கு இருப்பும் ஏடும் ஒத்துப் போகாவிட்டால் நாங்கள் ஏட்டை எழுதியவனைத்தான் பிடிப்போம்.

அவளைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். கற்களை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணி மறுபடி வைத்தாள். நேற்று போட்டபோது இவ்வளவு இல்லை என்றாள். இரும்பு ராத்திரியில் வளருமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வாத்தியார் பெயரை நான் சொல்லவில்லை, சொன்னதுபோலத்தான் ஆகிவிட்டது. அவள் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"அப்ப நான் பொய் எடை எழுதுனேன்னு சொல்றீங்க. எங்கப்பன் உசுரோட இல்லாமப் போனதே நல்லதுங்க."

சாட்சி

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மஞ்சி வாட்டிப் பெட்டி கட்டி முடித்ததும், பக்கத்து வீட்டுத் தேவகியக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். தேவகியக்காவுக்கு எங்கள் இருவரையும்விட வயது அதிகம். கையில் உரித்துக்கொண்டிருந்த அவரைக்காய்த் தட்டோடு வந்தார். தராசின் முன்னால் அவரை உட்காரவைத்து, பெட்டியை ஒரு தட்டிலும் கற்களை இன்னொன்றிலும் நாகமணி வைத்தாள். 492. பாத்துக்கிட்டீங்களாக்கா, என்றாள். பாத்துக்கிட்டேன் அம்மணி என்றார் அவர். அந்தச் சீட்டை எழுதி ஒட்டிவிட்டு என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலை அந்தப் பெட்டியைத்தான் நான் எடுத்துப் போனேன். 506 காட்டியதும் அதுதான். கவுண்டரில் நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன்: இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள் என்று தோன்றியது. முந்தின சாயங்காலமே இந்தச் சந்தேகம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தேவகியக்கா எழுந்து போகும்போது அவரைக்காய்த் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏனுங் தம்பி, புருசன் ஒரு தட்டு, பொண்டாட்டி ஒரு தட்டு. நடுவால என்னய எதுக்குங்க முள்ளா நிக்க வெக்கறீங்க?"

பேப்பர் கட்டு

காரியம் எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபடி ஏலம் போட ஆரம்பித்தேன். மஞ்சியைத் தொட மனம் வரவில்லை. பழைய பேப்பரைக் கசக்கித் திணித்துக் கட்டினேன். வாட்டவும் இல்லை, வறுக்கவும் இல்லை. வீட்டில் பார்த்த எடையும் கவுண்டரில் வந்த எடையும் ஒன்றுக்கொன்று ஒத்தே வந்தன. மாறினால் ஒன்று, இரண்டு கிராம். ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் வந்தது, அப்படியேதான். அவள் இருந்தபோது தப்பாக வந்தது, அவள் இல்லாதபோது சரியாக வருகிறது. இதை நான் அவளுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்தியூர் வாத்தியார் கல் ஒன்றை எடுத்துவிட்டுப் போன் செய்தார். நாகமணி போனது அவருக்கு முன்பே தெரியும். அக்கா கட்டினால் பெட்டியைத் திறந்ததும் மஞ்சி வாசம் வரும், இப்போது பேப்பர் மை வாசம்தான் வருகிறது என்றார். நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். உங்களுக்காக அவள் எடையைக் குறைத்து எழுதியது உண்டா, இனி மறைக்க என்ன இருக்கிறது என்றேன். அவர் சொன்னார்:

"ஏனுங்க சார், ஒருக்கா நானே கேட்டுப் பாத்தனுங்க, கூலியக் கொஞ்சம் கொறச்சு எழுதுங்கக்கான்னு. ஊருப் பேரக் கெடுக்கறயான்னு என்னயப் புடிச்ச புடில ஒரு மாசம் போனே பண்ணாம இருந்தனுங்க."

மஞ்சள் மண்டி

வாத்தியாரை நம்புவதா வேண்டாமா என்றே ஒரு வருடம் போயிற்று. அவர் அவளுக்காகப் பேசுவார், என்ன செய்தாலும் ஊர்க்காரர். அந்த நிலையில்தான் ஈரோட்டிலிருந்து மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், ஆளுயரத் தொங்குதராசு ஒன்றை ஏலத்தில் எடுத்தார். பெயர் சென்னியப்பன். நான் எழுதிய கூலியைப் பார்த்துவிட்டு, இந்தக் கூலிக்கு நீங்களே ரயில் ஏறி வந்து போகலாம், வரப் போகக் காசு தருகிறேன், சாப்பாடும் போடுகிறேன் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தராசைப் பிரித்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. மண்டியில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டையில் பழைய எடைச் சீட்டு தொங்கியது. புதிய எடை அதைவிடக் கூட இருந்தது. எழுதுகிறவர் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எடை எப்படிக் கூடியது, எழுதியவர் தப்பாக எழுதினாரா என்று கேட்டேன். சென்னியப்பன் சிரித்தார். மழை நாளில் மூட்டை தண்ணி குடிக்குமுங்க என்றார். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். அரைகுறையாகக் காய்ந்த சரக்கு அவ்வளவாக இழுக்காது, நன்றாகக் காய்ந்ததுதான் வெறியோடு இழுக்கும் என்றார். மஞ்சள் மட்டுமா என்று கேட்டேன். பருத்தி, சாக்கு, அட்டை, மஞ்சி எல்லாம்தான் என்று விரலை மடக்கினார். நான் பக்கத்தில் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முடியவில்லை என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் வரவழைத்தார். பிறகு அவராகவே பேச்சை இழுத்தார்.

"நான் தொழிலுக்கு வந்த புதுசுல இது தெரியாம, எடை எழுதற கணக்குப்பிள்ளையத் திருடன்னு சொல்லி நிறுத்திப்போட்டனுங்க. அப்பறம் விசயம் தெரிஞ்சு, அவரு ஊட்டுக்கே போயி கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன்."

வாணலி

ரயிலில் வரும்போதே எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. வாணலியில் வாட்டி எலும்பாகக் காய வைத்த மஞ்சி. அடுப்போரம் காய்ந்த அட்டை. சூடு ஆறுவதற்குள் எடை. பிறகு இரவெல்லாம் சாரல் காற்று வீசுகிற கம்பி வராந்தா. இரும்பு துருப்பிடிக்கக் கூடாது என்று அவள் எவ்வளவு கவனமாக வாட்டினாளோ அவ்வளவு கிராம் காலையில் ஏறியிருக்கிறது. என் பேப்பரை நான் வாட்டவே இல்லை. அது முன்பே குடித்து முடித்த சரக்கு. ஆனாலும் என் சந்தேக புத்தி கண்ணால் பார்க்காமல் விடாது. பொள்ளாச்சி ரோட்டில் மஞ்சி வாங்கி வந்தேன். அதே வாணலியில் வாட்டினேன். முதல் தடவை கருக்கிவிட்டேன், அவள் எப்படிக் கருகாமல் எடுத்தாள் என்று தெரியவில்லை. இரண்டாம் தடவை சரியாக வந்தது. கட்டி, ஒட்டி, சாயங்காலம் எடை பார்த்தேன். 490. வராந்தாவில் வைத்தேன். காலையில் 501. மறுநாளும் செய்தேன், அன்றைக்கு நல்ல மழை. 490 என்று எழுதிய இன்னொரு பெட்டி 505 ஆகியிருந்தது.

தேவகியக்காவைக் கூப்பிட்டுத் தராசைக் காட்டினேன். மழை, மஞ்சி, அட்டை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். நாகமணி எழுதியது ஒவ்வொன்றும் சரிதான் என்றேன்.  அவர் தராசைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே நான் கண்ணால பாத்துச் சொன்னனுங் தம்பி. ரெண்டு பொம்பளைங்க சொன்னத நம்பாம, இன்னைக்கு மழை வந்து சொன்னாத்தான் நம்புவீங்களா?"

இப்போதெல்லாம் காலையில் இன்னொரு முறை எடை பார்த்த பிறகுதான் கூலி எழுதுகிறேன்; ஏலத்தில் போட இன்னும் முப்பத்தோரு கற்கள் மீதி இருக்கின்றன, தபால் கூலிக்காகச் சண்டை போடத்தான் வீட்டில் ஆள் மீதி இல்லை.